முடிவில்லைன்னா எல்லாமே இருந்தாகணுமா?

ஆசிரியர் சார் வணக்கம், போன ஞாயிறு இணைப்புல பிரபஞ்சம் பத்தின கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பிரபஞ்சத்துக்கு முடிவே கிடையாது அதனால எங்கேயோ இன்னொரு நீங்க இதே பேப்பரைப் படிச்சிட்டு இருப்பீங்கன்னு அடிச்சு விட்டிருந்தாங்க பாருங்க, அங்கதான் இடிக்குது.

0.1010010001...னு எழுதிட்டே போங்க. ஒவ்வொரு 1-க்கு அப்புறமும் சைபர் ஒண்ணு கூடிட்டே போகும், முடியவும் முடியாது, ஒரே வரிசை சுத்திச் சுத்தி வரவும் வராது. ஆனா அதுல 7 வேணாம், பக்கத்து பக்கத்துல ரெண்டு 1 கூட கிடைக்காது, எவ்ளோ தூரம் போனாலும்!

சரி இது நாமளா ரூல் போட்டு எழுதுனது, தற்செயலா நடக்குறதுல எல்லாம் வந்துடும்லன்னு கேப்பாங்க. அதுவும் எப்பவும் வராது சார். ஜார்ஜ் போலியான்னு ஹங்கேரிக்காரர் 1921லயே நிரூபிச்சாரு, கட்டம் கட்டமா இருக்குற தெருவுல ஒவ்வொரு முக்குலயும் குலுக்கல் போட்டுத் திரும்புற ஆளு என்னைக்காவது கிளம்புன இடத்துக்கு வந்தே தீருவான், அதே ஆளை மேலயும் கீழயும் கூட போக விட்டா காலம் பூரா நடந்தாலும் திரும்பி வருவான்னு சொல்ல முடியாது, வாய்ப்பு சுமார் 34 சதவீதம்தான்.

மேக்ஸ் டெக்மார்க்னு ஒரு இயற்பியலாளர் 2003ல நம்ம நகல் எவ்ளோ தூரத்துல இருக்கும்னு கணக்கே போட்டாரு, அது சும்மா இல்ல. ஆனா அதுக்கு ரெண்டு நிபந்தனை வேணும், ஒரு அளவான இடத்துக்குள்ள அணுக்களை அடுக்குற விதம் எண்ணி முடிக்கிற மாதிரி இருக்கணும், எல்லாப் பக்கமும் தற்செயலா கலந்து பரவியிருக்கணும். நமக்குத் தெரியுறதோ ஒவ்வொரு பக்கமும் சுமார் 4600 கோடி ஒளியாண்டு தூரம் மட்டும்தான். பிளாங்க் செயற்கைக்கோள் அளந்ததுல விண்வெளி கிட்டத்தட்ட தட்டையா, அதாவது வளைவு இல்லாம இருக்குன்னு வந்துச்சு, ஆனா தட்டைன்னா முடிவில்லாததுன்னு அர்த்தம் இல்லையே, பழைய போன் பாம்பு கேம்ல வலது ஓரம் போனா இடது பக்கமா வருமே, அப்படிக்கூட இருக்கலாம்.

அதனால நகல் இருக்கவே இருக்காதுன்னு நான் சண்டைக்கு வரல. அடுத்த வாட்டி அந்த ரெண்டு நிபந்தனையையும் சேர்த்துப் போடச் சொல்லுங்க சார், இடம் பத்தலைன்னா அந்த பச்சைக் கலர் ஏலியன் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி