வேதாளத்துக்கு இந்தி தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். பகடை என்றாலே சூதுதான், அதிலும் டிராகன், மந்திரவாதி என்று நமக்கு ஒட்டாத கதை வேறு என்கிறார். மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் இந்த விளையாட்டை நடத்துகிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சகுனியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பகடையைப் பார்த்தால் நெஞ்சு திக்கென்று ஆவது இயல்புதான். ஆனால் இந்த மேசையில் பணயம் கிடையாது. ஜெயித்தவர், தோற்றவர் என்றும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "ஆற்றுப் பாலம் உடைந்து கிடக்கிறது, என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டால் பிள்ளை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும்தான் இருபது முகப் பகடையை உருட்டுவோம். விழுந்த எண்ணோடு அந்தப் பாத்திரத்தின் பலத்தையோ பேச்சு சாமர்த்தியத்தையோ கூட்டிக்கொள்வோம். சுலபமான காரியம் என்றால் 10 வர வேண்டும், நடுத்தரம் என்றால் 15, கடினம் என்றால் 20. அடிப்படை அவ்வளவுதான்.

1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று வெளியிட்டது இது. முதலில் அச்சடித்தது வெறும் 1,000 பிரதிகள். பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள், ஒரு படைக்குப் பதிலாக ஒரே ஒரு ஆளாக மாறி விளையாடினால் எப்படி இருக்கும் என்று யோசித்ததில் பிறந்தது. 1980களில் அந்த ஊர்ப் பெற்றோரும் இதைக் கண்டு பயந்தவர்கள்தான்.

டிராகன் விஷயத்தில் வாசகர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதல் வருஷம் நானும் புத்தகத்தில் இருந்த கதையை அப்படியே இங்கிலீஷில் நடத்தினேன். பிள்ளைகள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். அப்புறம் ஒரு ஜூலை மாத ஞாயிறு, வெளியே கொட்டும் மழை, கதையை மாற்றிப் பார்த்தேன். மலையடிவாரத்தில் ஒரு ஊர். ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது, வயலுக்கு வரவில்லை. ஏனென்றால் மதகின் மேல் ஒரு வேதாளம் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் குழுவில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி உண்டு. வீட்டில் அம்மா தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்கிற பிள்ளை. வேதாளத்திடமும் இந்தியிலேயே பேச ஆரம்பித்தாள். "வேதாளத்துக்கு இந்தி தெரியாதும்மா" என்றேன். மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு, "தாத்தா, எங்க ஊர்ல மாடெல்லாம் தண்ணியில்லாம நிக்குது. கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்" என்றாள்.

வேதாளத்தைத் தாத்தா என்று கூப்பிட நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பகடையில் 6 விழுந்தது. அவளுடைய பேச்சுத் திறமைக்கு 3 கூட்டினால் 9. தேவை 15. 'முடியாது' என்று வேதாளம் சொல்லியிருந்தால் கதை அந்த மதகிலேயே நின்றுபோயிருக்கும். விளையாட்டை நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: பகடை கைவிட்டாலும் கதை நகர வேண்டும், புதுச் சிக்கலோடு நகர வேண்டும். "நகர்கிறேன், ஆனால் என் பெயர் எனக்கே மறந்துவிட்டது. கண்டுபிடித்துச் சொல்" என்றது வேதாளம்.

அந்த வாரம் அவள் திருநெல்வேலியில் இருக்கும் ஆச்சிக்குத் தானாகவே போன் செய்திருக்கிறாள். ஒரு மணி நேரம் பேசினார்களாம். அடுத்த ஞாயிறு நோட்டில் பெயர்களோடு வந்தாள்: மாடன், இசக்கி, பூதத்தார். ஒவ்வொன்றுக்கும் ஆச்சி சொன்ன கதை வேறு. நான் எழுதி வைத்திருந்த பெயரை அடித்துவிட்டு, அவள் கொண்டுவந்ததில் ஒன்றை வேதாளத்துக்கு வைத்தேன். இப்போது மற்ற பிள்ளைகளும் தாத்தா பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். பகடையில் இருபது விழுந்தால் "தாயம்!" என்று கத்துகிறார்கள். தாயம் என்பது ஒன்று விழுவதற்கான பெயர் என்று திருத்த எனக்கு மனமில்லை.

மும்பையில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் புரிகிறது, பேசத்தான் காரணம் கிடைப்பதில்லை. இந்த விளையாட்டு காரணம் கொடுக்கிறது. அதனால்தான் நம் தமிழ்ச் சங்கங்களிடமும் நூலகங்களிடமும் கேட்கிறேன்: வாரத்தில் மூன்று மணி நேரம், ஒரு மேசை, ஆறு நாற்காலி கொடுங்கள்.

இன்னொன்று. இந்த விளையாட்டின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். சுமார் 400 பக்கம். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கக்கூடச் செய்யலாம். நாலு பேர் சேர்ந்தால் தமிழில் கொண்டுவந்துவிடலாம். சொற்களில் பாதியை எங்கள் பிள்ளைகளே உருவாக்கிவிட்டார்கள். அடி வாங்கினால் குறைகிற 'ஹிட் பாயிண்ட்' எங்கள் மேசையில் 'உயிர்'. சண்டையில் யார் முதலில் என்று பார்க்கிற 'இனிஷியேட்டிவ்' எங்களுக்கு 'முந்து'. விஷமோ மந்திரமோ நம் மேல் பாயும்போது தப்பிக்க உருட்டுகிறோமே, அந்த 'சேவிங் த்ரோ'வுக்கு மட்டும் ஐந்து பேரும் ஒத்துக்கொள்கிற சொல் இன்னும் அமையவில்லை. உங்கள் வாசகர்களில் யாருக்காவது தோன்றினால் இந்தப் பகுதிக்கே எழுதட்டும், அடுத்த ஞாயிறே மேசையில் வைத்துப் பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை