பெரியப்பா படிக்கிற கணக்கு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். காவேரிப்பட்டணம் தோப்பில் பெங்களூரா மாங்காய் அறுப்பு முடிந்துவிட்டது. ஆலை பில்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்.

இனி தோப்புக் கணக்கு உன் கையில். கணக்கு எழுதும் க்னூகேஷ் சாஃப்ட்வேரின் ஃபைல் உன் லேப்டாப்புக்கு வந்தாலும், நான் அமைத்து வைத்த ரிப்போர்ட் வடிவம் கூட வராது. தாளின் தோற்றத்தை வைத்திருக்கும் ஸ்டைல் ஷீட்டும் சேமித்த ரிப்போர்ட்டும் அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன். மூன்று பங்கு உள்ள தோப்பு, கண்ணு. பெரியப்பா யாரையும் கேட்காமல் தானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். புரியாத கணக்கில்தான் மனஸ்தாபம் முளைக்கும்.

'எடிட்' மெனுவில் 'ஸ்டைல் ஷீட்ஸ்' போய், 'ஈஸி' என்ற மாதிரியை வைத்துப் புதிதாக ஒன்று உண்டாக்கு. 'தோப்பு' என்று பேர் வை. முதலில் 'எனேபிள் லிங்க்ஸ்' டிக்கை எடுத்துவிடு. இல்லையென்றால் கணக்குப் பேரெல்லாம் லிங்க்காகவே அச்சாகும். திரையில் க்ளிக் பண்ண அது வேண்டும், தாளில் எதற்கு? 'ஃபாண்ட்ஸ்' பக்கத்தில் எண்களுக்கும் மொத்தத்துக்கும் தனித்தனியாக எழுத்து வைக்கலாம். எண்களுக்கு எழுத்து அளவு 14 வை, மொத்தத்தை இன்னும் பெரிதாகத் தடித்த எழுத்தில் போடு. பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபிறகும் பொடி எழுத்து சிரமம்தான். 'ஷோ பிரிப்பேரர் இன்ஃபோ' டிக்கைப் போட்டு, 'பிரிப்பேர்டு ஃபார்' என்ற இடத்தில் அவர் பேரைப் போடு. தன் பேர் அச்சாகி வந்த தாளை அவர் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்.

பிறகு வரவு செலவு ரிப்போர்ட்டைத் திறந்து, ஆப்ஷன்ஸில் 'தோப்பு' ஸ்டைலைத் தேர்ந்தெடு. தேதியில்தான் கவனம் வேண்டும். ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று விட்டால், பூ எடுக்கும்போது அடித்த மருந்துச் செலவு போன வருஷக் கணக்கிலும், காய் விற்ற பணம் இந்த வருஷத்திலும் போய் உட்காரும். ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை வை. ஒரு மகசூலின் செலவும் வரவும் ஒரே தாளில் நிற்கும். உட்கணக்கு இரண்டு நிலை காட்டினால் போதும்: மருந்து, உழவு, காவல், அறுப்புக் கூலி, வண்டி வாடகை. பத்து ரூபாய் டீச் செலவு வரை காட்டினால் பெரிய செலவு கண்ணில் படாது.

எல்லாம் சரியானதும் மறக்காமல் 'சேவ் கான்ஃபிக்' கொடு. அடுத்த வருஷம் தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

பிடிஎஃப் எடுத்து எனக்கு அனுப்பு. கிருஷ்ணகிரியில் பிரிண்ட் போட்டு, பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா