சுருக்கப் பிரதிகளைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய படச்சுருள்களைப் பாதுகாப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பெரும்பகுதி அருமை. ஆனால் முழுநீளப் படங்களைச் சில நிமிடங்களுக்குச் சுருக்கி, வீட்டில் போட்டுப் பார்ப்பதற்கென்று விற்கப்பட்ட 8 மி.மீ. அகலச் சுருள்களை, அதாவது சுருக்கப் பிரதிகளைப் பற்றிய ஒரு வரி மனதை உறுத்தியது. முழுப் படமே டிஸ்க்கில் கிடைக்கும்போது இந்தத் துண்டுகளை வைத்து என்ன செய்வது என்று கட்டுரையாளர் கேட்கிறார். பல வருடங்களாக இவற்றைச் சேர்த்து வருகிறவன் என்ற முறையில் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வீடியோ கேசட் வருவதற்கு முன்பு, பிடித்த சினிமாவைச் சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர்களுக்குக் கைக்கு எட்டியது இந்தச் சுருக்கங்கள்தான். அமெரிக்காவில் யூஜின் காஸில் 1937ல் காஸில் ஃபிலிம்ஸ் பெயரில் வீட்டுச் சுருள்களை விற்க ஆரம்பித்தார். 1947ல் அந்த நிறுவனம் யுனிவர்சல் கைக்குப் போனது. அந்த ஸ்டுடியோவின் பேய்ப் படங்களும் அபட், காஸ்டெல்லோ என்ற நகைச்சுவை ஜோடியின் படங்களும் அதற்கப்புறம் சின்ன அட்டைப்பெட்டிகளில் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. 1965ல் கோடாக் சூப்பர் 8 என்ற புதிய வகை 8 மி.மீ. ஃபிலிமைக் கொண்டுவந்தது. இவற்றை விற்ற நிறுவனங்கள் கென் ஃபிலிம்ஸ், இங்கிலாந்தின் வால்டன், டெரான் என்று வரிசையாக நீண்டன.

இந்தச் சுருள்களைத் துண்டு என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சூப்பர் 8ல் ஓர் அடிக்கு 72 ஃபிரேம். 200 அடிச் சுருள் நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் சரியாகப் பத்து நிமிடம் ஓடும். ஒன்றரை மணி நேரக் கதையை அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடக்கியாக வேண்டும். கிடைத்த இடத்தில் வெட்டி ஒட்டினால் யாருக்கும் எதுவும் புரியாது. எடிட்டர் கிளைக்கதையை மொத்தமாக எடுத்துவிடுவார், பிற்பாதிக் காட்சியை முன்னால் கொண்டுவருவார், இரண்டு துரத்தல்களை ஒன்றாக்குவார். ஒலியில்லாத பிரதி என்றால் வேலை இன்னும் கஷ்டம். வசனத்தால் நகர்ந்த கதையைப் பார்வையாலும் திரையில் வரும் நாலைந்து சொற்களாலும் நகர்த்த வேண்டும். என்னிடம் உள்ள ஒரு கறுப்பு வெள்ளைச் சுருளில் ஒருவர் கதவைத் திறக்கிறார்; அடுத்த ஷாட்டில் நாம் பார்க்கும் அறை, மூலப் படத்தில் வெகுநேரம் கழித்து வருவது. நடுவே இருந்த அத்தனையும் போய்விட்டது, ஆனால் கண்ணுக்கு ஒட்டே தெரியவில்லை. இதைச் செய்தவரின் பெயர் சுருளிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. இந்த எடிட்டிங்கை முழுப்படத்தின் டிஸ்க்கில் தேடினால் கிடைக்காது. சுருள் போனால் அந்த வேலையும் போயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. 1977ல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் காட்சிகளை கென் ஃபிலிம்ஸ் சூப்பர் 8ல் விற்றது. பிறகு 1997ல் அந்தப் படத்தில் கணினியில் உருவாக்கிய காட்சிகளைச் சேர்த்து மாற்றி வெளியிட்டார்கள். பழைய சுருளை யாராலும் மாற்ற முடியாது. அன்று தியேட்டரில் பார்த்த காட்சிகள், சில நிமிடங்களுக்காவது, அதில் அப்படியே இருக்கின்றன.

இவற்றின் நிலைமை மோசம் என்று கட்டுரையாளர் சொல்வது உண்மைதான். அன்றைய வண்ணப் பிரதிகள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறி, வானம், புல், முகம் எல்லாமே இளஞ்சிவப்பாகிவிட்டன. கறுப்பு வெள்ளைக்கு அந்தக் கதி இல்லை. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதைய ஆரம்பித்தால் டப்பாவைத் திறந்ததுமே வினிகர் வாடை அடிக்கும். ஒலிக்கான காந்தப் பட்டை உள்ள பிரதிகளில் வேறொரு சங்கடம். சூப்பர் 8ல் படத்துக்குரிய ஒலி 18 ஃபிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். கிழிந்த நாலு ஃபிரேமை வெட்டிவிட்டு ஒட்டினால், படம் தாவுகிற இடம் ஒன்று, பேச்சு அறுபடுகிற இடம் இன்னொன்று. அதனால்தான் நான் கூடியவரை வெட்டுவதில்லை, ஃபிலிமின் ஓரத்துளை கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியே சரிசெய்கிறேன்.

தங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சுருள்களை வீட்டில் வைத்திருக்கும் வாசகர்களுக்காக அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். பழைய பெட்டி கிடைத்த உற்சாகத்தில் பலர் அப்படியே புரொஜெக்டரில் மாட்டிவிடுகிறார்கள், சுருங்கிப்போன ஃபிலிம் முதல் நிமிடத்திலேயே கிழிகிறது. முதலில் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வாடை வந்தால் அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப் போகும் உறையில், குளிர்ச்சியான ஈரமில்லாத இடத்தில் வைக்கட்டும், சீக்கிரமே ஸ்கேன் செய்துவிடட்டும். ஸ்கேன் ஆனபிறகும் சுருளை எறிய வேண்டாம். பெட்டியையும் சேர்த்தே வைக்கட்டும்; எந்த நிறுவனம் வெளியிட்டது, எத்தனை அடி, ஒலி உண்டா இல்லையா என்ற விவரம் பெரும்பாலும் அந்த அட்டையில்தான் இருக்கும்.

அன்புடன்,
ஒரு 8 மி.மீ. சேகரிப்பாளர்