பெரிய சூரை மீன் பிடிக்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த மாதம் நீங்கள் ஆறு பேர் சேர்ந்து வாடகைப் படகு பிடித்துப் பெரிய சூரை மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்று படித்ததும் மகிழ்ச்சியும் கொஞ்சம் பொறாமையும் ஒன்றாக வந்தன. என் இடத் தோள் இன்னும் சரியாகவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் வலி பிடுங்குகிறது, ஆகையால் இந்த ஆண்டு எனக்குக் கரைதான். உன் இலேசான தூண்டில் கம்பையும் 30 பவுண்டு எடை தாங்கும் நரம்பையும் எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அந்தக் கம்பின் மேல் உனக்குள்ள பற்றை அறிவேன், அதில் நீ தூக்கிய மீன்களையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்; ஆனால் அவையெல்லாம் ஐந்தாறு கிலோ மீன்கள்.

இலேசான கருவியில் பெரிய மீனைப் பிடிப்பதுதான் ஆட்டம் என்று எழுதியிருக்கிறாய். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். ஆனால் சூரை, தன் தசையில் பிறக்கும் சூட்டை இரத்தக் குழாய்களின் பின்னலைக் கொண்டு உடம்புக்குள்ளேயே தக்கவைத்துக்கொள்கிற மீன். அந்த வேகமும் தளராத இழுப்பும் அதற்கு வாய்த்ததில் இந்தச் சூட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. மணிக்கணக்கில் இழுபட்டால் அதே சூடும் தசையில் சேருகிற அமிலமும் சேர்ந்து சதையை வெளிற வைத்துக் கொழகொழப்பாக்கிவிடும். ஜப்பானியர்கள் அதை ‘யாக்கே’, அதாவது எரிந்த சதை, என்பார்கள். பிடித்துவிட்டுத் திரும்ப விடுவதாக இருந்தாலும், அவ்வளவு களைத்துப்போன மீன் பிழைக்கும் என்று நம்பிக் கையைக் கழுவ முடியாது. 1979இல் நோவா ஸ்கோஷியாவில் கென் ஃப்ரேசர் 679 கிலோ நீலத் துடுப்புச் சூரையைப் பிடித்தார். அத்தனை பெரிய மீனை அடக்க அவருக்கு 45 நிமிடங்களே ஆயின என்பார்கள். கருவி மீனுக்கு ஏற்றதாக இருந்தால் சண்டை நீளத் தேவையில்லை.

நடுத்தர மஞ்சள் துடுப்புச் சூரைக்கு 50 பவுண்டு நரம்புக்கான கருவி போதும். நூறு கிலோவை நெருங்கும் மீன் வரலாம் என்றால் 80. பெரிய நீலத் துடுப்பு என்றால் 130க்குக் கீழே இறங்காதே. நரம்பைச் சுற்றும் ரீல், வேகமாகவும் மெதுவாகவும் சுற்றக்கூடிய இரட்டை வேகம் உள்ளதாக இருக்கட்டும். மீன் கடைசியில் படகுக்கு நேர் கீழே வட்டமடிக்கத் தொடங்கும்போது, அது மேலேறி வருகிற அரை வட்டத்தில் மட்டும்தான் நரம்பு கைக்கு வரும். அந்த நேரத்தில் தாழ்ந்த வேகம் இல்லாத ரீலின் கைப்பிடி அசையவே அசையாது.

இதற்கெல்லாம் மேலாக நான் உன்னிடம் வற்புறுத்த நினைப்பது டிராக்கைத்தான், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு ஓடவிடாமல் ரீல் கொடுக்கிற தடையை. நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை என்பது பழைய கணக்கு. 80 பவுண்டு நரம்பானால் 20 முதல் 27 பவுண்டு. கையால் இழுத்துப் பார்த்து ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று சொல்பவர்களை நம்பாதே, ஏனென்றால் கைக்கு 12 பவுண்டே 20 பவுண்டு போலத் தோன்றும். நரம்பை வளையங்களின் வழியே கோத்து, நுனியில் சுருள்வில் தராசை மாட்டி, மீனோடு மல்லுக்கட்டும்போது பிடிக்கிற சாய்விலேயே கம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை மெதுவாக இழுக்கச் சொல்; நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் சுழலத் தொடங்கும் அந்த நொடியில் முள் காட்டுகிற எண்தான் உன் டிராக்.

அந்த எண்ணும் நிலையானதல்ல என்பதை நான் ஒரு மீனை இழந்துதான் கற்றேன். நரம்பு ஓட ஓட ஸ்பூலின் சுற்று சிறுத்துக்கொண்டே வரும். விட்டம் பாதியானால், டிராக்கைக் கூட்டிக் குறைக்கும் லீவரைத் தொடாமலே இழுவை இரு மடங்காகிவிடும், தண்ணீருக்குள் வளைந்து கிடக்கிற நரம்பின் பாரம் அதற்கு மேல். அன்று மீன் முக்கால் ஸ்பூலை உருவிக்கொண்டு போனது, நரம்புக்கு அடியில் ஸ்பூலின் உலோகம் பளபளவென்று தெரியத் தொடங்கியது. தளர்த்த வேண்டிய லீவரைப் பதற்றத்தில் முன்னே தள்ளினேன். வெடித்தாற்போல் ஒரு சத்தம். கம்பு சட்டென்று நிமிர்ந்தது. கம்பின் அடியைத் தாங்கும் இடுப்புப் பட்டையும் கட்டாமல் இரண்டு மணி நேரம் தோளாலேயே தாங்கிக்கொண்டிருந்த நான் பின்னால் போய் விழுந்தேன். தோள் வலியின் கதை அதுதான். ஆனால் வாயில் தூண்டில் முள்ளோடும் பின்னால் சில நூறு மீட்டர் நரம்போடும் போன அந்த மீனை நினைக்கும்போது தோள் ஒரு பொருட்டே அல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பூலின் அடியில் பிரெய்டு என்னும் பின்னல் நரம்பு, அதன் மேல் நைலான், முன்னால் முள்ளைக் கட்டுகிற ஃப்ளோரோகார்பன் லீடர் நரம்பு என்பதே எனக்குப் பிடித்த அமைப்பு: அதே வலிமைக்குப் பிரெய்டு பாதிக்கும் குறைவான பருமன் என்பதால் ஸ்பூலில் நிறையக் கொள்ளும், நைலான் நீண்டு கொடுத்து முதல் பாய்ச்சலின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பிரெய்டை மட்டும் இறுக்கிச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் பாரம் ஏறும்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். லீடரை விரல் நுனியால் முழுக்கத் தடவிப் பார், சொரசொரப்பு தட்டினால் தயங்காமல் வெட்டி எறி. இரை போடுவதானால் நுனி உள்நோக்கி வளைந்த சர்க்கிள் முள். அதில் கம்பை வெடுக்கென்று இழுக்காமல் சீராகச் சுற்றினாலே போதும், முள் தானே திரும்பி வாயின் ஓரத்தில் மாட்டும். கம்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிக்காதே, முறிந்துபோகும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் படகுத் தலைவரிடம் ரீல்களில் நரம்பு எப்போது மாற்றப்பட்டது, டிராக்கைத் தராசு வைத்துப் பார்த்தார்களா என்று கேட்டுவிடு. நல்ல படகுக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். என் தராசும் இடுப்புப் பட்டையும் இங்கே சும்மா கிடப்பதால் இரண்டையும் இந்த வாரமே அனுப்புகிறேன். தராசின் முள் வெறுமனே தொங்கும்போதே அரைப் பவுண்டு கூடுதலாகக் காட்டும், கழித்துக்கொள். பட்டையை வீட்டிலேயே ஒருமுறை கட்டிப் பார். உன் இடுப்புக்கு அது கொஞ்சம் சிறியதாக இருக்கலாம்.

அன்புடன்,
உன் நண்பன்