கட்டி போய்விட்டது, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூளைக்கட்டியில் இருந்து மீண்டு பள்ளிக்கூடம் திரும்பிய சிறுவனைப் பற்றிப் போன வாரம் படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். நல்ல செய்தி, கடைக்கு வந்தவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். ஆனால் கடைசியில் "பூரண குணம்" என்று முடித்திருந்தீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும்தான் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. மார்த்தாண்டம் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். என் மகளுக்கு ஆறு வயதில் இதே நோய் வந்தது, இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கட்டி திரும்ப வரவில்லை. அதற்கு வைத்த கரண்டின், அதாவது கதிர்வீச்சு சிகிச்சையின், விளைவுகள்தான் ஒன்று மாற்றி ஒன்றாக இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

அவளுக்கு வந்தது மெடுல்லோபிளாஸ்டோமா. பிள்ளைகளுக்கு வரும் மூளைப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான், சிறுமூளைப் பகுதியில் தொடங்கும். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரில் இதன் செல்கள் கலந்து பரவும் என்பதால், ஆபரேஷன் செய்து எடுத்த இடத்துக்கு மட்டும் கரண்ட் வைத்தால் போதாது, தலை முழுக்க, முதுகெலும்பு நெடுக வைக்கவேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள், ஏறக்குறைய ஆறு வாரம், கட்டி இருந்த இடத்துக்கு எல்லாம் சேர்த்து 54 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது வழக்கமான கணக்கு. வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. வெறும் ஆபரேஷனோடு விட்ட காலத்தில் பிழைத்த பிள்ளைகள் அபூர்வம். இன்றைக்கு நல்ல வசதியுள்ள இடங்களில், நோய் பரவாமல் பிடித்துவிட்டால், பத்தில் எட்டுப் பிள்ளைகள் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கதிர்வீச்சு என்றாலே பேச்சு, இயற்கையிலேயே கதிர்வீச்சு உள்ள மணவாளக்குறிச்சி கடற்கரை மணலுக்குப் போய்விடும். "கடற்கரைப் பக்கம் இருந்தீங்களா, அதனாலயா?" என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. மணலைப் பற்றிப் பேசவேண்டியதுதான், அது வேறு விஷயம். ஆனால் உயிரைக் காப்பாற்ற ஆஸ்பத்திரியில் கணக்குப் பண்ணிக் கொடுக்கும் கதிர்வீச்சு பத்து இருபது வருடம் கழித்தும் என்ன செய்யும் என்று இங்கே யாரும் பேசிக் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் முதலில் கவனித்தது டாக்டர் அல்ல, தையல்கார அக்கா. சுடிதாருக்கு அளவெடுக்கும்போது, "பிள்ளைக்குக் கால் வளர்ந்திருக்கு, உடம்பு வளரலியே அண்ணே" என்றார். பார்த்தால் உண்மைதான். பேன்ட் அளவு ஏறியிருக்கிறது, மேல்சட்டை அளவு அப்படியே நிற்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையின் தோளுக்குத்தான் இவள் தலை வரும். முதுகெலும்புக்கு வைத்த கரண்ட் அந்த எலும்புகளின் வளர்ச்சியைக் குறைத்துவிடுகிறது, அது ஒன்று. மூளைக்குள் பிட்யூட்டரி சுரப்பியை இயக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அடிபடுவதால் வளர்ச்சி ஹார்மோன் குறைந்துபோகிறது, அது இன்னொன்று. பிட்யூட்டரி ஹார்மோன்களில் கதிர்வீச்சுக்கு முதலில் பணிவது இந்த ஹார்மோன்தான் என்கிறார்கள். இதற்கு ஊசி உண்டு, தினமும் ராத்திரி தோலுக்கடியில் போடவேண்டும், விலை நம்மைப் போன்றவர்களுக்கு மலை. ஆனால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொண்ட பிறகு போட்டு உயரம் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டு உயரத்தைக் குறித்து வையுங்கள் என்று எங்களிடம் அன்றைக்கே ஒருவர் சொல்லியிருந்தால் போதும், காசில்லாத வேலை. தைராய்டும் அப்படித்தான், கழுத்து வழியாகக் கதிர் போவதால் சில வருடம் கழித்து மந்தமாகும், வருடத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு மாத்திரையும் இருந்தால் சமாளித்துவிடலாம். காது கேட்பது குறைந்ததற்குக் கரண்டோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் காரணம். கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போகும். வீட்டில் எதிரே நின்று பேசினால் விளங்கிக்கொள்வாள், நாற்பது பிள்ளைகள் சத்தம் போடும் வகுப்பில் விளங்காது.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய கஷ்டம் படிப்பு. கரும்பலகையில் ஐந்து வரி எழுதுகிறார்கள் என்று வையுங்கள், இவள் இரண்டாவது வரியை நோட்டில் முடிப்பதற்குள் டஸ்டர் வந்துவிடும். அவள் நோட்டை எடுத்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் பாதி வாக்கியங்கள்தான். கேள்வி கேட்டால் பதில் தெரியும், வாயில் வர நேரமெடுக்கும், அதற்குள் ஆசிரியர் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். "கவனமே இல்லை, சோம்பல், வீட்டில் செல்லம் அதிகம்" என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டுக் கேட்டு என் வீட்டுக்காரி இப்போது அந்தக் கூட்டத்துக்கே போவதில்லை. செல்லம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன், அது வேறு.

நடப்பது இதுதான். மூளைக்குள் சேதி கடத்தும் நரம்பிழைகளுக்கு மேலே ஓர் உறை உண்டு, பிள்ளைப் பருவம் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது. கதிர்வீச்சு அதைப் பாதிக்கிறது. படித்தது மறந்துபோவதில்லை, புதிதாகப் படித்துக்கொள்ளும் வேகம் குறைகிறது. அதனால்தான் சிகிச்சை முடிந்த கையோடு ஒன்றும் தெரியாது, இரண்டாம் வகுப்பில் சமாளித்த பிள்ளை ஏழாம் வகுப்பில் தடுமாறும், வருடம் போகப் போக மற்ற பிள்ளைகளோடு இடைவெளி கூடும். வயது குறையக் குறையச் சேதம் அதிகம், மூன்று வயதுக்குக் கீழே என்றால் முடிந்தவரை கதிர்வீச்சைத் தள்ளிப்போடப் பார்ப்பதும் அதனால்தான். முன்பு தலை முழுக்க 36 கிரே கொடுத்ததை, நோய் பரவாத பிள்ளைகளுக்குக் கீமோவும் சேர்த்து 23.4 ஆகக் குறைத்திருக்கிறார்கள். சென்னையில் 2019 முதல் புரோட்டான் என்ற வேறு வகைக் கதிர்வீச்சு சிகிச்சை வந்திருக்கிறது, தைராய்டு, இதயம், வயிறு போன்ற உறுப்புகளுக்குப் போவது அதில் வெகுவாகக் குறையும். ஆனால் தலை முழுக்க வைக்கவேண்டும் என்றால் அதிலும் மூளை முழுக்கத்தான் வாங்கும், புரோட்டான் என்றதும் நிலத்தை விற்க ஓடுகிறவர்கள் இதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்லத்தான் மனம் வரவில்லை. 1950களில் இஸ்ரேலில் தலையில் படர்தாமரை வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். மூளைக்குப் போனது சுமார் 1.5 கிரேதான். பல பத்தாண்டுகள் கழித்து அவர்களுக்கு மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டி மற்றவர்களைவிட மிக அதிகமாக வந்தது. எங்கள் பிள்ளைகள் வாங்கியது அதைப்போல் பல மடங்கு. எல்லாருக்கும் வரும் என்று இல்லை, ஆனால் முப்பது வயதில் தலைவலி என்று போய் நின்றால் "சின்ன வயதில் கரண்ட் வைத்தது" என்று டாக்டரிடம் சொல்ல அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும், கையில் காகிதமும் இருக்கவேண்டும். எங்களிடம் இருப்பது மஞ்சப்பை நிறைய ஸ்கேன் பிலிம். எந்த இடத்துக்கு எத்தனை கிரே, என்ன மருந்து, எந்த வருடம் எதைப் பரிசோதிக்கவேண்டும் என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையில் கொடுக்க ஒரு ஆஸ்பத்திரிக்கு என்ன செலவாகிவிடும்?

மும்பை டாடா மருத்துவமனையில் சிகிச்சை முடித்த பிள்ளைகளுக்கென்றே 1991 முதல் தனி கிளினிக் நடக்கிறது. நாங்கள் எதற்கெடுத்தாலும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுகிறோம். நம் மாவட்டத்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் மாதத்தில் ஒரு நாள், குழந்தை மருத்துவர், காது மருத்துவர், ஹார்மோன் பார்ப்பவர், மனநல ஆலோசகர் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்து இந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் எங்கள் அலைச்சல் பாதியாகும்.

அப்புறம் பரீட்சை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் தருகிறார்கள், இவளுக்கு வேண்டியதும் அதுதான். அதற்கான மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்க முகாமுக்குப் போனால் "எந்த வகையில் போடுவது?" என்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. காது கேட்காமை என்றால் அந்த அளவுக்கு மோசமில்லை, அறிவுத்திறன் குறைபாடு என்றால் அதுவும் இல்லை, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் டிஸ்லெக்சியாவும் இல்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதால் எதிலும் சேராமல் நிற்கிறாள். மூளைக்குக் கதிர்வீச்சு வாங்கிய பிள்ளை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அந்த ஒரு மணி நேரத்தைத் தரலாம் என்று கல்வித்துறை ஓர் உத்தரவு போடட்டும், இந்த வருடத் தேர்வுக்கு முன்பே போடட்டும். உங்கள் நிருபர் அதிகாரிகளிடம் இதைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன், மார்த்தாண்டம்