பங்கின் நற்கருணைச் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, சங்கத்தின் அக்காமார், அண்ணன்மார், தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழமைபோல் மாதத்தின் முதல் வெள்ளி ஆராதனைக்குப் பிறகு நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், வரவுப் பதிவேடும் மேசையில் இருக்கிறது. அதனால் அந்தப் பதிவேட்டில் ஏறாத விஷயங்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள் என்பதைவிட, பூசையில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கியவர்கள் கோவிலைவிட்டு இறங்கிய பிறகு ஒருவருக்கொருவர் என்னவாக இருந்தார்கள் என்பதுதான் நமது சங்கத்தின் உண்மையான கணக்கு என்று நான் நம்புகிறேன்.

இவ்வாண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமையாக வந்தது. 2019இல் இலங்கையில் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டு வெடித்த அதே திகதி. நினைவுத் திருப்பலிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோதுதான் திருத்தந்தை பிரான்சிஸ் காலமான செய்தியும் வந்தது. அன்று மாலை கோவிலில் யாரும் யாரையும் அழைக்கவில்லை, சனம் தானாகவே வந்து நிறைந்தது. 2019இல் ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டு, ஏப்ரல் 28ஆம் திகதி கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லத்தில் நிறைவேற்றிய திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளைப் பற்றிப் பலரும் அன்று பேசினார்கள். வீட்டில் முழந்தாளிட்டு இருந்தோம், ஆனால் நன்மை வாங்க முடியவில்லை, பக்கத்தில் நம்மவர்கள் இல்லை. அந்த வாரங்களில்தான் பூசை என்பது தனியாளின் பக்தி மட்டுமல்ல என்பது நமக்கு உறைத்தது. அந்த ஆண்டு ஜூன் 12ஆம் திகதி கொச்சிக்கடைத் திருத்தலம் மீண்டும் அர்ச்சிக்கப்பட்டபோது, பயத்தையும் தூக்கிக்கொண்டு போய் அங்கே நின்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவர்களைக் கேட்டால், பீடத்தைத்தான் காட்டுவார்கள்.

இனி ஒற்றுமை விஷயம், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாம் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வரும்போது சிங்களப் பூசைக்காரர் உள்ளே போவார்கள், வாசலில் ஒரு சிரிப்பு, அதோடு சரி. ஒரே பங்கு, ஒரே நற்கருணைப் பேழை, ஆனால் பெயர்கூடத் தெரியாது. இவ்வாண்டு நற்கருணையைக் கொண்டாடும் திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவை ஒரே திருப்பலியாகவும் ஒரே பவனியாகவும் நடத்தலாம் என்று நமது கூட்டத்தில் முடிவெடுத்தோம். நேரம் நீளும், பாட்டு கலங்கும், தமிழ் குறைந்துவிடும் என்றெல்லாம் எதிர்ப்பு வந்தது, அந்தக் கவலைகளில் நியாயமும் இருந்தது. ஆனாலும் முதல் வாசகம் தமிழிலும் இரண்டாவது சிங்களத்திலும் வாசிக்கப்பட்டு, நன்மைக்கு எல்லோரும் ஒரே வரிசையில் நின்றபோது, 'அப்பம் ஒன்றே, ஆதலால் நாம் பலராயினும் ஒரே உடல்' என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது கண்முன்னால் நடந்தது. அதே கடிதத்தில், ஒருவர் பசியாயிருக்க இன்னொருவர் வயிறு நிறையக் குடிக்கும் கூட்டத்தில் நடப்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று அவர் கண்டித்திருப்பதையும் பங்குத்தந்தை அன்று பிரசங்கத்தில் விடாமல் சொன்னார். அந்தப் பிரசங்கம் வேலை செய்தது. தண்ணீர்க் குழாய் விஷயமாக நெடுநாள் கதைக்காமல் இருந்த, ஒரே தோட்டத்து (நெருக்கமான நகரக் குடியிருப்பு) இரண்டு வீட்டார், அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்னமே கதைத்துச் சமாதானமாகிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். இந்த அறிக்கையில் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் தரும் வரி இதுதான்.

நோயாளருக்கு நன்மை கொண்டுபோகும் பணி ஜம்பட்டா வீதிப் பக்கமும் மாடிக் குடியிருப்புகளிலும் தொடர்ந்தது. லிப்ட் வேலை செய்யாத மாடிகளில் பணியாளர்கள் படியேறித்தான் போகிறார்கள். ஓர் அம்மா நன்மை வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, இன்றைக்குப் பூசைக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்பதுதான். அவருக்கு ஆண்டவரும் வேண்டும், அந்தச் சனமும் வேண்டும், இரண்டையும் பிரிக்க அவருக்குத் தெரியாது. மேசையில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி ஏற்றி வைப்பவர் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா. இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த பணியல்ல. கி.பி. 155 அளவில் புனித ஜஸ்டின் ரோமைப் பேரரசருக்குக் கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாட்டை விளக்கி எழுதியபோதே, வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுபோகிறார்கள் என்றும், வசதியுள்ளவர்கள் தரும் காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளருக்கும் போகிறது என்றும் குறிப்பிட்டிருக்கிறார்.

நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோது இதையே நாமும் செய்தோம். அந்த ஞாயிறு காணிக்கைப் பவனியில் அரிசி, பருப்பு, பால்மா, குழந்தைகளின் உடுப்பு என்று பீடத்தடி நிறைந்தது, பூசை முடிந்ததும் அவை நேரே மண்டபத்துக்குப் போய்ச் சாப்பாட்டுப் பார்சல்களாகின. யார் எந்த மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரவிரவாக வெங்காயம் வெட்டிய இளைஞர்களில் சிலர் ஞாயிறு பூசைக்கே ஒழுங்காக வராதவர்கள். அவர்களைக் குறைசொல்வதை நிறுத்திவிட்டு, புது ஆண்டில் அவர்களையே சங்கத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதல் நன்மைப் பிள்ளைகளின் ஒருநாள் தியானம் நன்றாக நடந்தது. பீடத்துணிகள் மாற்றப்பட்டன.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள். தமிழ்-சிங்களக் கூட்டுத் திருப்பலியை ஆண்டில் ஒரு தடவையோடு நிறுத்தாமல் கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக்காலத்திலும் வைக்க வேண்டும். ஓட்டோ வைத்திருப்பவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறாவது நடக்க முடியாத முதியவர்களைப் பூசைக்குக் கூட்டிவர முன்வர வேண்டும். அப்புறம், நோயாளர் பட்டியலில் விடுபட்டவர்கள் யாராவது உங்கள் தோட்டத்திலோ மாடியிலோ இருந்தால், இன்று கூட்டம் முடிவதற்குள் விலாசத்தை என்னிடம் தந்துவிடுங்கள்.

இவ்வறிக்கையில் திருத்தங்கள் இருந்தால் தெரிவித்து, இதை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
கொழும்பு