கண்ட இடத்தில் கூடாரம் போட முடியாது, ஆனாலும் போங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு பக்கத்தில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ‘பிடித்த காட்டில் கூடாரத்தை விரித்து இலவசமாகத் தங்கலாம்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதை நம்பி யாராவது பெட்டியைக் கட்டிவிடப் போகிறார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். அது ஸ்காட்லாந்துக்குத்தான் பொருந்தும். அங்கே 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது (அங்கேயும் லாக் லோமண்ட் ஏரிப் பக்கம் சில இடங்களில் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதி வாங்க வேண்டும்). இங்கிலாந்தில் எந்தக் காட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவரைக் கேட்காமல் கூடாரம் போட்டால், நடுராத்திரியில் வந்து எழுப்பிக் கிளம்பச் சொன்னாலும் கிளம்பத்தான் வேண்டும். அரசாங்கக் காடுகளிலும் இதே கதைதான். நியூ ஃபாரஸ்டில் அதற்கென்று ஒதுக்கிய கேம்ப்சைட்டுகளைத் தவிர வேறெங்கும் கூடாரம் கூடாது.

ஒரே பெரிய விதிவிலக்கு டெவனில் இருக்கிற டார்ட்மூர். அதற்கும் வழக்கு நடந்தது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் அங்குள்ள பொது மேய்ச்சல் நிலங்களில் நடந்தோ குதிரையிலோ போய்த் திறந்தவெளியில் பொழுதுபோக்க மக்களுக்கு உரிமை தருகிறது. சரி, கூடாரத்துக்குள் படுத்துத் தூங்குவது பொழுதுபோக்கில் சேருமா என்று ஒரு நில உரிமையாளர் தரப்பு கேட்க, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சேராது என்றது, ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சேரும் என்றது, கடைசியில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சேரும் என்று சொல்லி முடித்துவைத்தது. ‘நான் விடுமுறையில் செய்கிற ஒரே பொழுதுபோக்கு அதுதானே’ என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் டார்ட்மூர் பெரும்பாலும் மரமில்லாத மேட்டுநிலம், காற்று பிய்த்துக்கொண்டு போகும். மரத்தடியில் தங்க ஆசைப்பட்டால் காசு கொடுத்துக் கேம்ப்சைட்டுக்குத்தான் போக வேண்டும். அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை என்பதுதான் என் இரண்டாவது குறை.

நாங்கள் போனது மே கடைசியில், பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை விடுவார்களே, அப்போது. கிழக்கு சஸ்ஸெக்ஸில் ஹை வீல்ட் என்கிற மேடும் பள்ளமுமான பகுதியில், ஆங்காங்கே தள்ளித் தள்ளி 12 கூடாரங்களுக்கு மட்டும் இடம் வைத்திருந்த ஒரு சின்னக் காடு. காரை வெளியே வயலோரத்தில் நிறுத்திவிட்டு, அங்கே வைத்திருக்கும் ஒற்றைச் சக்கர வண்டியில் சாமான்களை ஏற்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மழை பெய்த மண்பாதை. என் நாத்தனார் பாதி வழியில் நின்று, ‘அண்ணி, இதுக்குக் காசு வேற கொடுத்திருக்கோமா?’ என்று கேட்டாள். மின்சாரம் கிடையாது, போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை, கழிப்பறை என்பது பலகைச் சுவருக்குள் ஒரு இருக்கையும் வாளி நிறைய மரத்தூளும்.

அந்தக் காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். செஸ்ட்நட் மரங்களும் ஹேசல் புதர்களும் ஒரே அடிக்கட்டையிலிருந்து ஏழெட்டுத் தண்டுகளாக நேராக எழுந்து நின்றன. கரும்பை வெட்டியதும் மறுதாம்பு துளிர்ப்பது போலவேதான். தரையோடு வெட்டிவிட்டு, பத்துப் பதினைந்து வருடம் வளரவிட்டு, மறுபடி வெட்டி வேலிக் கம்புக்கு எடுத்துக்கொள்கிறார்கள், நூற்றாண்டுகளாக இப்படியே. வெட்டிய இடத்தில் வெயில் இறங்குவதால் ஏப்ரல், மே மாதங்களில் புளூபெல் பூ தரை முழுக்க நீலமாக விரியும். நாங்கள் போனபோது அநேகமாக உதிர்ந்துவிட்டது. 1600-க்கு முன்பிருந்தே காடாக இருந்த இடங்களை இங்கே ‘தொன்மைக் காடு’ என்று தனியாகப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் கீழே தீ மூட்ட விடமாட்டார்கள், கால் வைத்த இரும்புத் தட்டில்தான் எரிக்க வேண்டும். விழுந்து கிடக்கும் கட்டையைப் பொறுக்கவும் கூடாது, அது வண்டுக்கும் காளானுக்கும் உரியது. இது தெரியாமல் எங்கள் வீட்டுக்காரர் ஒரு கட்டுச் சுள்ளியோடு பெருமையாக வர, காட்டுக்காரர் சிரித்துக்கொண்டே திரும்பப் போட்டுவிட்டு வரச் சொன்னார். விறகு அவரிடமே மூட்டையாக விலைக்குக் கிடைக்கும்.

மிருக பயம் வேண்டாம். ஓநாயும் கரடியும் இந்த நாட்டில் அழிந்து நூற்றாண்டுகள் ஆகின்றன, விஷப்பாம்பு என்று இருப்பது ஆடர் ஒன்றுதான், அதுவும் ஆளைக் கண்டால் ஒதுங்கிவிடும். எங்களுக்கு வந்த ஒரே விருந்தாளி நரி. வெளியே மறந்து வைத்த ரொட்டிப் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பயப்பட வேண்டியது உண்ணிக்கு. மான் நடமாடும் புல்லிலும் சருகிலும் இருக்கும், லைம் என்ற நோயைக் கொண்டுவரும். சின்னவனின் முழங்காலுக்குப் பின்னால் ஒன்று ஒட்டியிருந்தது. நாத்தனார் தேங்காய் எண்ணெயை எடுத்துவிட்டாள், நான்தான் தடுத்தேன். எண்ணெய், நெருப்பு எதுவும் கூடாது, மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் மேலே இழுக்க வேண்டும். அப்புறம் சில வாரங்களுக்கு அந்த இடத்தில் சிவப்பாகத் தடிப்பு பரவுகிறதா என்று பார்த்து, பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. இன்னொன்று, மழை வந்தால் பார்பெக்யூ அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்துக்கொள்ளும் ஆசை வரும். தணல் அணைந்தது போலத் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். வாசனையே இருக்காது, ஆளைக் கொன்றுவிடும்.

குளிரை நாங்கள் குறைத்து மதிப்பிட்டோம். மே மாதம்தானே என்று நல்ல போர்வையாக எடுத்துப் போய், அடியில் விரிக்க மெல்லிய பாய் ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம். குளிர் தரையிலிருந்துதான் ஏறியது. ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, காலை நான்கு மணிக்கெல்லாம் பறவைகள் ஆரம்பித்துவிடுகின்றன, இடையில் ஆந்தை. ஒன்று ‘கீ-விக்’ என்று கேட்க, இன்னொன்று தூரத்திலிருந்து ‘ஹூ…’ என்று இழுத்துப் பதில் சொல்லும், முன்னது பெண், பின்னது ஆண் என்று காட்டுக்காரர் சொன்னார். முதல் நாள் இரவு நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. தீயைச் சுற்றி உட்கார்ந்து பழைய கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம், பதினோரு மணிக்குப் பக்கத்துக் கூடாரத்துப் பாட்டி டார்ச்சோடு வந்து, குழந்தைகள் தூங்குகிறார்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று வாசலில் எழுதியே இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் இரவு வாயைத் திறக்காமல் இருந்தபோதுதான் ஆந்தை கேட்டது.

இணையப் பதிப்பில் அந்த ஒரு வரியை மட்டுமாவது திருத்திவிடுங்கள். ஜூலை இறுதியில் இங்கே பள்ளிகள் மூடிவிடும், கட்டுரையைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் அப்போதுதான் கிளம்புவார்கள். இந்தச் சின்னக் காடுகளில் இடமும் அதற்குள் தீர்ந்துவிடும் என்பதால், முன்பதிவு செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கென்ட், இங்கிலாந்து